போட்ட படத்தையே போடு!

வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் சிரிப்புப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பற்றி இந்த இதழில் கேட்கலாம் என்று சொல்லியிருந்தோம். வந்து குவிந்த கேள்விகளில் சில.

● மன்னார்குடி வாசகி: 'காதலிக்க நேரமில்லை' படத்தை எத்தனை தடவை போட்டாலும் என் வீட்டுக்காரர் புதுசாகப் பார்ப்பதுபோல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். இதற்கு என்ன செய்யலாம்?

பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள்.

● காஞ்சிபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: முடிவு தெரிந்த படத்தை மறுபடி பார்ப்பதில் என்ன சுவாரஸ்யம் இருக்க முடியும்?

கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டால் துப்பறியும் படம் பாதி செத்துப்போகும். சிரிப்புப் படத்துக்கு அந்தப் பயம் இல்லை. முடிவு தெரிந்த பிறகுதான் அது முழுசாக நம் கைக்கு வருகிறது.

நம்முடைய நல்ல சிரிப்புப் படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள் ஐயா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். 'மிஸ்ஸியம்மா'வில் (1955) வாத்தியார் வேலைக்காகக் கல்யாணமாகாத இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வருகிறார்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷம் கட்டி, ரவிச்சந்திரனுக்கு அப்பாவாக வந்து இறங்குகிறார். 'காசேதான் கடவுளடா'வில் (1972) தேங்காய் சீனிவாசன் சாமியார் ஆகிறார். 'அவ்வை சண்முகி'யில் (1996) கமல் மாமி ஆகிறார். 'தில்லு முல்லு'வில் (1981) ரஜினி, கால்பந்து மைதானத்தில் முதலாளியின் கண்ணில் பட்டதைச் சமாளிக்க, இல்லாத தம்பி ஒருவனை உண்டாக்குகிறார். அந்தத் தம்பியைக் காப்பாற்ற மீசை போகிறது. மீசையைக் காப்பாற்ற ஒட்டு மீசை வருகிறது. வீட்டுக்கே வந்து நிற்கும் முதலாளியிடம் காட்ட ஒரு அம்மா தேவைப்படுகிறார். சௌகார் ஜானகி வருகிறார்.

முதல் தடவை பார்க்கும்போது நாமும் பதறிக்கொண்டுதான் இருப்போம்: மாட்டிக்கொள்வாரா, தப்பிப்பாரா? அந்தப் பதற்றத்தில் பாதி நடிப்பு கண்ணில் படாது. இரண்டாம் தடவை பொய் சொன்னவரோடு நாமும் கூட்டுச் சேர்ந்துவிடுகிறோம். இப்போது நம் கண், பொய் சொல்பவரை விட்டுவிட்டு நம்புகிறவரின் முகத்துக்குப் போகும். 'தில்லு முல்லு'வில் தேங்காய் சீனிவாசனைத் தனியாகக் கவனியுங்கள். ஏமாறுகிற ஒவ்வொரு கட்டத்திலும் அந்த முதலாளிக்கு எவ்வளவு பெருமை! தன்னைப் போல ஆளைக் கண்டுபிடிக்க ஊரில் யாருமில்லை என்ற பூரிப்பு அந்த முகத்தில் ததும்பும். அதை முதல் தடவையிலேயே முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு.

● கோயம்புத்தூர், கல்லூரி மாணவர்: சிரிப்புக் காட்சிகள் மட்டும் தனித்தனியாக செல்போனிலேயே கிடைக்கின்றன. முழுப்படம் எதற்கு?

எல்லோரும் தனியாகப் பார்க்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்வது. தனியாகப் பார்த்தால் ஒருவர் பயமுறுத்துகிறார், இன்னொருவர் பயப்படுகிறார், சிரிப்பு வரும்.

முழுப்படமாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பாலையா காசில் கெட்டிக்கார எஸ்டேட் முதலாளி என்பது உங்களுக்குத் தெரியும். மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பலகை மாட்டிக்கொண்டு, அப்பாவின் பணத்தில் படம் எடுக்க அலைவது தெரியும். அப்பா மகனை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை என்பதும் தெரியும். அப்படிப்பட்ட அப்பா, 'என்னதான் கதை வைத்திருக்கிறான், கேட்போமே' என்று உட்காருகிறார். நாகேஷ் வாயாலேயே சத்தமெல்லாம் கொடுத்து இருட்டையும் பங்களாவையும் அந்தக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். பாலையாவுக்குப் பேச்சே அதிகம் கிடையாது. முதலில் அலட்சியம், பிறகு ஆர்வம், பிறகு கண் அகலுகிறது, உடம்பு ஒடுங்குகிறது. கதை கேட்க உட்கார்ந்தது முதலாளி. எழுந்திருக்கும்போது அவர் பயந்துபோன குழந்தை. அந்த இறக்கம் தெரிய வேண்டுமானால், அதற்கு முன் அவர் எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவுண்டமணி-செந்தில் காலத்தில் சிரிப்புப் பகுதியைக் கதையிலிருந்து பிரித்தே எழுதினார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழத்தைத் தனியாக உரித்துச் சாப்பிட்டாலும் ருசி குறையாது. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து கட்டிய படத்தில் அப்படிப் பிரித்தால் பாதி போய்விடும்.

● சேலம் வாசகர்: வசனமே பேசாமல் அதிகம் சிரிக்க வைத்தவர் யார்?

'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணமாக வந்த நாகேஷ். உயிரோடிருக்கும் எல்லோரையும்விட அவர்தான் நன்றாக நடித்திருக்கிறார்.

● திருநெல்வேலி வாசகி: புது டிவியில் பழைய படம் போட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள். டிவியில் கோளாறா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் காலப் படம் ஏறக்குறைய சதுரம். 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்திய படங்களில் அநேகமாக எல்லாமே சதுரச் சட்டத்தில் எடுத்தவை. உங்கள் டிவி 16-க்கு 9. அதை நிரப்புவதற்காகப் படத்தை இரண்டு பக்கமும் இழுத்துவிடுகிறது. சாவித்திரிக்கும் சரோஜாதேவிக்கும் ஒரே இரவில் உடம்பு போட்டுவிடுகிறது.

ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். சிலர் கறுப்பு பிடிக்காமல் 'ஜூம்' போடுவார்கள். அது இழுப்பதைவிட மோசம். மேலே தலையும் கீழே காலும் வெட்டுப்படும். நாகேஷுக்கும் சந்திரபாபுவுக்கும் பாதி நடிப்பு காலில்தான் இருக்கிறது. ரொம்பக் கஷ்டப்பட்டு ஆடியிருக்கிறார்கள், வெட்டிவிடாதீர்கள்.

● பெங்களூரு, மென்பொருள் ஊழியர்: எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது அப்பா ஒரு அலமாரி நிறைய சிடியும் டிவிடியும் வைத்துக்கொண்டு தூசி தட்டுகிறார். தூக்கிப் போடச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இணையத்தில் இருக்கும் படம் உங்களுடையதல்ல. ஒப்பந்தம் முடிந்தால் சொல்லாமல் போய்விடும். போன மாதம் இருந்த படத்தை இந்த மாதம் தேடி ஏமாந்திருப்பீர்களே. அலமாரியில் இருப்பது அப்படி எழுந்து போகாது.

ஆனால் அப்பாவின் சேமிப்பில் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விசிடியில் படத்தின் நுணுக்கம் 352-க்கு 288 புள்ளி; டிவிடியில் 720-க்கு 576, சுமார் நான்கு மடங்கு. ஒரு விசிடி தட்டில் ஒன்றேகால் மணி நேரம்தான் கொள்ளும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை இரண்டு தட்டில் அடக்குவதற்காக ஒரு பாட்டையோ ஒரு காட்சியையோ கழற்றிவிட்ட விசிடிகள் ஏராளம். ஒரே படம் இரண்டு வடிவத்திலும் இருந்தால் டிவிடியை முன்வரிசையில் வையுங்கள். விசிடியில் மட்டுமே இருக்கும் படத்தை அதைவிடப் பத்திரமாக வையுங்கள், வேறெங்கும் கிடைக்காததாக இருக்கலாம்.

2007-ல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதுவரை வாடகைக்கு எடுத்துப் பார்த்த குடும்பங்கள் முதல் முறையாகப் படங்களைச் சொந்தமாக வாங்கி அடுக்கியது அப்போதுதான். உங்கள் அப்பாவின் அலமாரியில் அந்த உறைகள் நிச்சயம் இருக்கும். மாதச் சம்பளத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தது அது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது துணியை அவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் தூசி தட்டுங்கள்.

● அதே பெங்களூருக்காரர்: எப்படித் துடைப்பது என்றும் சொல்லிவிடுங்கள்.

சந்தோஷம். மெல்லிய பருத்தித் துணி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோடாக. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல் வட்டச் சுழியாகப் பதிந்திருக்கிறது; குறுக்கே விழும் சின்னக் கீறலைப் பிளேயர் சமாளித்துக்கொள்ளும், சுழியோடு ஓடும் கீறலைச் சமாளிக்க முடியாது.

எல்லோரும் பளபளக்கும் பக்கத்தையே பாதுகாக்கிறார்கள். விசிடிக்கு ஆபத்து படம் அச்சடித்த மேல்பக்கத்தில். தகவல் அடுக்கு அந்த அச்சுக்கு ஒட்டியபடி இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அங்கே படத்தின் பெயரை அழுத்தி எழுதினால் படம் போயிற்று. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தாங்கும். எதையும் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், நிற்கவைத்து அடுக்குங்கள்.

● விழுப்புரம் வாசகர்: எங்கள் வீட்டில் படம் ஓடும்போது என் தங்கை வசனத்தை எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். தடை போடலாமா?

வசனத்தை முன்கூட்டிச் சொல்லலாம், சிரிப்பை முன்கூட்டிச் சிரிக்கக் கூடாது. இந்த ஒரு சட்டம் போதும்.

● தஞ்சாவூர் வாசகி: அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். சிரிப்பே மருந்து என்கிறார்களே, என்ன படம் போடலாம்?

தையல் பிரிக்கும் வரை 'மைக்கேல் மதன காமராஜன்' வேண்டாம். 'பஞ்சதந்திர'மும் வேண்டாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைக்கும் படம் இப்போது கூடாது. உதட்டோரம் சிரிக்க வைக்கும் படம்தான் வேண்டும். 'மிஸ்ஸியம்மா' போடுங்கள். கதாநாயகி பாத்திரத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. அவர் விலகிய பிறகு சாவித்திரிக்கு வந்தது. கோபப்படும்போதெல்லாம் அவர் மூக்கு நுனியில் ஒரு அழகு வரும், ஜெமினி கணேசன் அதைப் பார்த்துப் பின்வாங்குவார், ரங்காராவ் எதுவும் புரியாமல் எல்லோரிடமும் அன்பாக இருப்பார். சத்தமே இல்லாத படம். நடுவில் அம்மா தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து போடலாம்.

தையல் பிரித்த அன்று 'ஆண்பாவம்' (1985). பெண் பார்க்கப் போனவர் வீடு மாறி வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டு வரும் கதை. ஊரில் தியேட்டர் கட்டித் திறக்கும் வி.கே. ராமசாமியும், பாட்டியாக வரும் கொல்லங்குடி கருப்பாயியும் அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். வலி குறைந்து அம்மா நன்றாக வர என் பிரார்த்தனை.

● திண்டுக்கல் வாசகர்: அப்பாவுக்குக் கண் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. படம் பார்த்துச் சிரித்த மனிதர் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.

காதுக்கு ஏற்ற படங்களைப் போடுங்கள். ஒரு காலத்தில் வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தையும் சத்தமாக மட்டுமே ஒலிபரப்புவார்கள். உங்கள் அப்பாவின் தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்தது. காதால் படம் பார்க்க அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் தங்கவேலு. அவர் குரலிலேயே கண்ணை உருட்டுவார். 'கல்யாண பரிசு' (1959) படத்தில் வேலை இல்லாத மனிதர், மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, எழுத்தாளர் பைரவன் தானே என்றும் ஒரு பெருமையைச் சேர்த்துக்கொள்வார். எம். சரோஜா கேள்வி கேட்கக் கேட்க அவர் குரல் மெல்லத் தேய்வதைக் கேட்டால் முகம் தேவையே இல்லை. 'அறிவாளி'யில் (1963) முத்துலட்சுமிக்குப் பூரி சுடச் சொல்லித்தருவதும் அப்படித்தான். பிறகு விசுவின் 'மணல் கயிறு' (1982). அது முழுக்க முழுக்கப் பேச்சு. எட்டு நிபந்தனை போட்ட மாப்பிள்ளையை நாரதர் நாயுடு வளைத்துப் பிடிக்கும் வேகம் காதுக்கே போதும். அதற்குப் பிறகு நாகேஷின் கதை சொல்லும் காட்சியைப் போடுங்கள். அதில் அத்தனை சத்தமும் அவர் வாயிலிருந்து வருவதால், கண் மூடிக் கேட்டால் பயம் இன்னும் கூடும்.

நாகேஷோ சந்திரபாபுவோ ஆடுகிற இடம் வந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அப்பா உங்களைத் திருத்துவார். அவருக்கு அது மனப்பாடமாக இருக்கும்.

● சென்னை, நாடக ரசிகர்: கிரேசி மோகன் படங்கள் தியேட்டரைவிட வீட்டில் நன்றாக இருப்பது ஏன்?

தியேட்டரில் ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த மூன்று வசனம் கடந்துபோயிருக்கும். 'மைக்கேல் மதன காமராஜன்' 1990 தீபாவளிக்கு வந்தபோது அரங்கில் இருந்தவர்கள் பாதிப் படத்தைத்தான் கேட்டார்கள். மீதி, பக்கத்து சீட்டுச் சிரிப்பில் மூழ்கிவிட்டது. வீட்டில் ரிமோட் நம் கையில். சமையல்காரர் காமேஸ்வரன் வரும் கல்யாண வீட்டுக் காட்சியை, சாம்பாரில் மீன் விழும் அந்த இடத்தை, ஒரு தடவை ஊர்வசிக்காகப் பாருங்கள். இன்னொரு தடவை டெல்லி கணேஷுக்காகப் பாருங்கள். மூன்றாம் தடவை யாரையும் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேளுங்கள். மூன்று படம் பார்த்த மாதிரி இருக்கும்.

நீங்கள் நாடக ரசிகர் என்பதால் இதையும் சொல்கிறேன். நம்முடைய நீடித்த சிரிப்புப் படங்களில் பலவற்றுக்கு மேடைதான் தாய்வீடு. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் எழுதியதுதான் 'சபாபதி'. 'காசேதான் கடவுளடா' முதலில் மேடையில் ஏறியது. பாலசந்தரும் விசுவும் மேடையிலிருந்து வந்தவர்கள். மோகனுக்கு 'கிரேசி' ஒட்டிக்கொண்டதே 1976-ல் எஸ்.வி. சேகர் குழுவுக்காக எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நாடகத்தால். மேடையில் ஒரு வசனத்துக்குச் சபை சிரிக்கவில்லை என்றால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். மறுநாள் மாற்றி எழுதலாம். முன்வரிசையில் உட்கார்ந்த மக்கள் சலித்துக் கொடுத்த எழுத்து அது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் சொத்தை விழவில்லை. மோகன் 2019 ஜூன் 10-ல் காலமானார். அவர் எழுதியதை அவசரமில்லாமல் கேட்பதுதான் நாம் அவருக்குச் செய்யும் மரியாதை.

● கடலூர் வாசகர்: அலமாரியில் இருக்க வேண்டிய மிகப் பழைய சிரிப்புப் படம்?

'சபாபதி' (1941). எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. டி.ஆர். ராமச்சந்திரன் கண்ணை உருட்டுவதற்கும், காளி என். ரத்தினம் சொன்னதைச் சொன்னபடியே செய்து வைப்பதற்கும் 80 வருஷத்துக்கு மேல் ஆகியும் வயசாகவில்லை.

● மதுரை, இளம் தாய்: பழைய நகைச்சுவைக் காட்சிகளில் கறுப்பு, குண்டு, வழுக்கை என்று உருவத்தைக் கேலி செய்கிறார்கள். பெண்டாட்டியை அடிப்பதும் சிரிப்பாக வருகிறது. என் மகளுக்கு எப்படிக் காட்டுவது?

உங்கள் கவலை நியாயமானது. நானும் அந்தக் காட்சிகள் வரும்போது சிரிப்பதில்லை. மகள் பக்கத்தில் இருந்தால் படத்தை நிறுத்தி, "இது தப்பு" என்று நேராகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். குழந்தைகளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பிறகு அவர்களே கண்டுபிடித்து உங்களிடம் சொல்வார்கள்.

நிறத்தையும் உடம்பையும் கேலி செய்த காட்சியை இரண்டாம் தடவை பார்க்கும்போது அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். மனிதனின் பகட்டையும் பேராசையையும் கேலி செய்த காட்சி ஒவ்வொரு தடவையும் வளரும். 'பாமா விஜயம்' (1967) போட்டுக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை வந்துவிட்டாள் என்றதும், அளவாகக் குடும்பம் நடத்திய மூன்று மருமகள்களும் கடன் வாங்கி வீட்டை நிரப்புகிறார்கள். ஆளுக்கொரு சோபா, ஆளுக்கொரு அந்தஸ்து. மாமனார் பாலையா நடுவில் நின்று திகைக்கிறார். யாருடைய உடம்பும் அதில் கேலிக்கு ஆளாகவில்லை, எல்லோருடைய ஆசையும் ஆளாகிறது. தவணையில் போன் வாங்கும் இந்தக் காலத்து வீட்டிலும் அது அப்படியே பொருந்தும்.

● ஈரோடு வாசகர்: 'சதி லீலாவதி'யில் எங்கள் ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்துவிட்டதாக என் மாமா இன்னும் வருத்தப்படுகிறார்.

மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னொரு தடவை போடுங்கள். 1995-ல் வந்த அந்தப் படத்தில் கொங்குத் தமிழ் பேசும் கோவை சரளாவை யாராலும் ஏமாற்ற முடியவில்லை. நாகரிகமாகப் பேசுகிறவர்கள்தான் பொய்யில் சிக்கித் தடுமாறுகிறார்கள். பாலு மகேந்திரா சிரிக்கச் சொன்னது அவர்களைப் பார்த்து. மாமாவுக்கு என் வணக்கம்.

● கிள்ளான், மலேசியா வாசகி: என் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும். கறுப்பு வெள்ளை என்றாலே ஓடுகிறார்கள். எங்கே தொடங்குவது?

'பழைய காலத்து அருமையான படம்' என்று அறிமுகம் செய்தால் எந்தக் குழந்தையும் ஓடும். ஒன்றும் சொல்லாமல் போட்டுவிட்டு நீங்கள் பார்க்கத் தொடங்குங்கள். முதலில் 'பிரண்ட்ஸ்' (2001): நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுவதற்கு மொழி வேண்டாம். 2019-ல் தமிழ் தெரியாதவர்கள்கூட உலகம் முழுக்க இணையத்தில் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். அடுத்து 'மைக்கேல் மதன காமராஜன்' கடைசிக் காட்சி, மலை விளிம்பில் வீடு ஆடுவது. குழந்தைகள் அதில் லயித்தபின் சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்' (1925) போட்டு, விளிம்பில் ஆடும் அந்த மூல வீட்டைக் காட்டுங்கள். கறுப்பு வெள்ளை, பேச்சில்லாத படம். அதற்கே சிரித்துவிட்டால் சந்திரபாபுவும் நாகேஷும் தூரமில்லை. 'சபாஷ் மீனா' (1958) தயாராக இருக்கட்டும். சந்திரபாபு அதில் இரண்டு பேர்.

● யாழ்ப்பாணம் வாசகர்: எப்போதும் கோடம்பாக்கம்தானா? எங்கள் சிரிப்புப் படம் ஒன்றைச் சொல்ல மாட்டீர்களா?

1976-ல் வந்த 'கோமாளிகள்'. இலங்கை வானொலியில் எல்லோரையும் கட்டிப்போட்ட 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம்தான் படமானது. எஸ். ராமதாஸ், டி. ராஜகோபால், எஸ். செல்வசேகரன், பி.எச். அப்துல் ஹமீத் என்று குரலால் பழகியவர்கள் முகத்தோடு வந்தார்கள். இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களின் எண்ணிக்கை குறைவு. உங்கள் உறவினர் யாரிடமாவது இதன் கேசட் இருக்கிறது என்று தெரிந்தால் இன்றைக்கே பேசுங்கள்.

● நாகர்கோவில் வாசகர்: பரணில் ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட். சிலவற்றில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரம் வெள்ளையாக இருக்கிறது. டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீர்கள்! அது பூஞ்சை. ஒரு கேசட்டை ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். நாடா சிக்கி அறுந்தாலும் அறும். வெள்ளை இருப்பவற்றை உடனே தனிப் பெட்டியில் பிரித்து வையுங்கள். கேசட்டைத் திறந்து சுத்தம் செய்து, கணினிக் கோப்பாக மாற்றித் தருபவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். வெள்ளை இல்லாதவற்றையும் அவர்களிடமே கொடுங்கள். கடைசிவரை வீடியோ டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடும் டெக்குகள்தான் மிச்சம். அவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிறது.

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தை வீட்டிலேயே பதிவு செய்த கேசட் இருந்தால் அதை அழிக்க வேண்டாம். நடுவில் வரும் விளம்பரத்தோடும் அறிவிப்பாளர் முகத்தோடும் அப்படியே மாற்றச் சொல்லுங்கள்.

● திருச்சி, நூலகர்: ஒரு வீட்டு அலமாரிக்கு இவ்வளவு முக்கியத்துவம் வேண்டுமா?

வேண்டும் அம்மா. நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப் படம் 'கீசக வதம்' இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' (1931) பிரதியும் கிடைக்கவில்லை. புனேயில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-ல். அதற்குள் எத்தனையோ போய்விட்டன. தமிழ் சினிமாவின் தகவல்களையும் படங்களையும் ஒரு தனி மனிதராக ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வீட்டில் சேர்த்து வைத்திராவிட்டால் இன்னும் எவ்வளவோ தெரியாமலே போயிருக்கும்.

பெரிய படங்களுக்கு யாராவது ஒருவர் வந்துவிடுவார். வண்ணம் சேர்ப்பார்கள், புதுப்பித்துத் திரையிடுவார்கள். இரண்டு வாரம் ஓடிய சின்னச் சிரிப்புப் படத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அதற்கு உங்கள் வீட்டு அலமாரியைத் தவிர வேறு இடமில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குங்கள். ஒரு நோட்டில் படத்தின் பெயர், வருஷம், கேசட்டா தட்டா, ஓடுகிறதா இல்லையா என்று எழுதுங்கள். எங்கும் கிடைக்காத படம் எது என்று பார்த்து, அதை முதலில் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். நோட்டுப் பட்டியலை எங்களுக்கும் அனுப்புங்கள். அரிய படங்களின் பெயர்களை அடுத்த இதழில் போடுகிறோம்.